இன்ஜின் அக்காவுக்கு ஒரு தங்கச்சி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருஷமாக அதே வேலை. ஒரு லிஃப்ட்டில் ஏறி நின்றால் மூன்றாவது மாடி வருவதற்குள் அதற்கு என்ன கோளாறு என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். "பிரேக் தேஞ்சிருக்கு" என்பார், "கதவு ரோலர் ஒண்ணு போயிருக்கு" என்பார். எங்கள் வீட்டுக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டுகிறது. அது மட்டும் அவர் காதில் விழுவதில்லை. அதை விடுங்கள்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது வேலையை மட்டும் சொன்னால் பாதி மனிதர்தான் வருவார். மீதிப் பாதி ஒரு டிவி தொடரில் குடியிருக்கிறார். 'ஒன்பதாம் துறைமுகம்' என்று பெயர், வெளிநாட்டுத் தொடர். ஒரு பெரிய விண்கலம். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பூமியை விட்டுக் கிளம்பி வேறு இடம் தேடிப் போகிறார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம் கிளம்பினார்கள். நாங்கள் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்கு அனுப்பியும் ஆயிற்று. அவர்கள் இன்னும் போய்ச் சேரவில்லை.

முதல் மூன்று சீசனும் தங்கம் என்பார் இவர். இரண்டே பேர் உட்கார்ந்து யோசித்து எழுதியதாம். அதற்குப் பிறகு கம்பெனி கைமாறிவிட்டது. சீசனுக்கு ஒரு கூட்டம் வந்து எழுதிவிட்டுப் போகிறது. "முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுப் பார்க்க மாட்டானுங்களா?" என்று இவர் டிவியைப் பார்த்துக் கேட்பார். டிவி பதில் சொல்லாது. நான் ரசத்தை எடுத்து வைத்துக்கொண்டு "ம்" என்பேன்.

அவருடைய கம்பெனியில் ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் ஒரு சர்வீஸ் கார்டு உண்டு. பழுது, காரணம், செய்த வேலை என்று மூன்று கட்டம். பழைய கார்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒன்று நிரப்புவார். 'பழுது: கேப்டன் மகளுக்கு இரண்டாம் சீசனில் எட்டு வயது, ஆறாம் சீசனில் கல்யாணம், நடுவில் போனது நாலு வருஷம். காரணம்: கவனக்குறைவு.' இப்படி. விண்கலத்தில் வெளியே போகிற வழிக்கு இரண்டு கதவு இருக்கிறதாம், ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்கவே கூடாதாம். லிஃப்ட்டிலும் அதே சட்டம்தான். ஏழாம் சீசனில் இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைத்துவிட்டார்கள். அன்றைக்கு மனுஷர் சாப்பிடவில்லை. யாரோ அவர் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி முகம்.

'செய்த வேலை' என்கிற கட்டம் மட்டும் எல்லாக் கார்டிலும் காலியாகவே இருக்கும். மெக்கானிக் கண்ணுக்குப் பழுது தெரிகிறது, ஸ்பானர் போட முடியவில்லை. அதுதான் அவருடைய துக்கம்.

துக்கம் என்றதும் இன்ஜின் அக்காவைச் சொல்ல வேண்டும். விண்கலத்தின் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள். நாங்கள் வைத்த பெயர் இன்ஜின் அக்கா. மூன்றாம் சீசன் முடிவில் இன்ஜின் வெடிக்கப் போகிறது. அவள் உள்ளே போய்க் கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு மற்ற எல்லாரையும் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போனாள். நானும் அழுதேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மறுநாள் காலை நான் எழுந்து இட்லி ஊற்றினேன். இவர் வேலைக்குப் போய், வீங்கின கண்ணோடு நின்றிருக்கிறார். சூப்பர்வைசர் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்க, "ஒரு சாவு, அக்கா முறை" என்று சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர்கள் மூன்று நாள் லீவு கொடுத்து, மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

இவருக்கு ஒரே ஒரு சிநேகிதர். பஸ் டிரைவர். இவரை விட மூன்று வயது பெரியவர். அவர்கள் சிநேகிதம் ஆனதே ஒரு லிஃப்ட்டில்தான். அரசு அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஏழு பேர். இவர் மேலே இருந்து, "பயப்படாதீங்க, கதவு உள்பக்கமா பூட்டிக்கிச்சு, அஞ்சு நிமிஷம்" என்று குரல் கொடுத்திருக்கிறார்.

உள்ளிருந்து ஒரு குரல்: "உள்பக்கமா பூட்டிக்கிச்சா? இன்ஜின் அக்கா செத்த மாதிரி எங்களையும் சாகடிச்சிடாதீங்க!"

இவர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க பார்க்கிறீங்களா?"

"முதல் எபிசோடுலேர்ந்து!"

"நாலாவது சீசன் எப்படி?"

"குப்பை!"

"அப்பாடா" என்று இவர் உட்கார்ந்தே விட்டாராம். ஐந்து நிமிஷம் இருபது நிமிஷம் ஆயிற்று. மற்ற ஆறு பேரில் ஒரு அம்மாள் "கதவைத் திறந்துட்டுப் பேசுங்களேன்டா பாவிங்களா" என்று கத்தின பிறகுதான் திறந்தாராம். அன்றைக்கு ஆரம்பித்தது. பிறகு டிரைவர் அண்ணன் எங்கள் கட்டிடத்திலேயே இரண்டாம் மாடிக்குக் குடிவந்தார். நாங்கள் ஆறாம் மாடி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேலே வருவார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு எபிசோடு பார்ப்பார்கள், பிறகு இரண்டு மணி நேரம் திட்டுவார்கள். திட்டிவிட்டு எழுந்திருக்கும்போது இருவர் முகத்திலும் அப்படி ஒரு திருப்தி.

டிரைவர் அண்ணனுக்குச் சர்க்கரை. கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் தின்றுவிட்டது. போன வருஷம் வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். இந்த வருஷம் எதிரில் நிற்பது ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. வீட்டில் மகனும் மருமகளும் நல்லவர்கள், ஆனால் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நாள் முழுக்க ரேடியோவும் அவரும்தான். ஞாயிறு மூன்று மணிதான் அவருக்கு வெளியுலகம். என் வீட்டுக்காரர் எங்கள் லிஃப்ட்டில் ஆறாம் நம்பர் பட்டன் மேல் ஒரு சொட்டுப் பசை வைத்து உறைய விட்டார், தடவிப் பார்த்து அழுத்துவதற்கு.

ஆனால் தொடரில் பேசுவது வெளிநாட்டுப் பாஷை. கீழே தமிழில் எழுத்து ஓடும். அவருக்கு இனி அதைப் படிக்க முடியாது. நானும் படிப்பதில்லை. நான் இரண்டாவது வார்த்தைக்கு வருவதற்குள் அது ஓடிவிடும். அதனால் ஒன்பதாம் சீசன் ஆரம்பித்தபோது, இவர் சத்தமாகப் படிப்பது என்று முடிவாயிற்று.

முதல் நாள் டிரைவர் அண்ணன் ஒன்று சொன்னார். "இங்க பாரு மெக்கானிக்கு. கண்ணு போனதுலேர்ந்து எல்லாரும் எனக்குப் பாதிதான் சொல்றாங்க. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டா 'நல்லாத்தான் இருக்குன்னாரு'ங்கிறான் பையன். சட்டையில கறை இருக்கான்னு கேட்டா 'இல்லை மாமா'ங்குது மருமகப் பொண்ணு. என் நல்லதுக்குத்தான். ஆனா எனக்கு வெறுத்துப்போச்சு. நீயாவது உள்ளதை உள்ளபடி சொல்லு. நீதான் கண்டக்டர். நீ விசில் அடிச்சாத்தான் நான் வண்டி எடுப்பேன்."

"அண்ணே, என்னைப் பத்தித் தெரியாதா?" என்றார் இவர்.

எனக்குத் தெரியும். அதனால் பேசாமல் இருந்தேன்.

இரண்டு எபிசோடு ஒழுங்காகப் படித்தார். மூன்றாவதில் கேப்டன் ஒரு பெரிய முடிவை எடுக்கும் முன்னால் மடத்தனமாக ஏதோ சொன்னான் போலிருக்கிறது. இவர் வாய் கோணிற்று. ஒரு நொடி நின்றார். பிறகு, "இருநூறு உயிரை என் கோபத்துக்குப் பலி கொடுக்க மாட்டேன்" என்று படித்தார்.

டிரைவர் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். "அட! இதுல்ல வசனம். பழைய ஆளுங்க யாராவது திரும்ப வந்துட்டாங்களா?"

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூட. அன்று ராத்திரி கார்டை எடுத்தார். 'செய்த வேலை' என்கிற கட்டத்தில் முதல் தடவையாக ஏதோ எழுதினார்.

நாலாவது எபிசோடில்தான் வினை வந்தது. விண்கலத்தின் கடைக்கோடியில் ஒரு கதவு திறக்கிறது. புகைக்குள் இருந்து ஒருத்தி வருகிறாள். இன்ஜின் அக்கா. அதே முகம், அதே நெற்றித் தழும்பு. செத்துப் பதினெட்டு வருஷமான பிறகு, தலைமுடிகூடக் கலையாமல். கீழே இரண்டே வார்த்தை ஓடிற்று. என்னாலேயே படிக்க முடிந்தது: நான் சாகவில்லை.

இவர் கல்லாகிவிட்டார்.

"என்னடா? என்ன சொல்றா? யாரு அது?" என்றார் டிரைவர் அண்ணன்.

என் வீட்டுக்காரர் அவளுக்காக லீவு போட்டவர், மாலை வாங்கியவர். அவள் சாவை அவர்கள் காலால் உதைத்துத் தள்ளிவிட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "நான் அவளோட தங்கச்சி."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"தங்கச்சியா?" டிரைவர் அண்ணன் தலையைச் சாய்த்தார். "குரல் அவளோடது மாதிரியே இருக்கே."

"ரெட்டைப் பிள்ளைங்க அண்ணே."

"ஓ." டிவி பக்கம் காதைக் கொடுத்தார். பிறகு, "கேப்டன் இப்ப அவ பேரைச் சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"பழக்க தோஷம். அவனுக்கும் குழப்பம்."

அன்று ஆரம்பித்தது பாடு. ஒரு பொய்யைக் காப்பாற்றப் பத்துப் பொய் தேவைப்பட்டது. சனிக்கிழமையே போனில் எபிசோடைப் பார்த்துவிட்டு, லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து கார்டில் வசனம் எழுதினார். அதில் ஒரு கஷ்டம், டிரைவர் அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்கும். திரையில் ஆள் இரண்டு வார்த்தை பேசினால் இவர் இரண்டு வரி படிக்க முடியாது. அளந்து எழுத வேண்டும். எனக்குப் படித்துக் காட்டி, "சரியா இருக்கா?" என்பார். நான், "ஆண்டவன் கேட்டுக்கிட்டிருக்கார், அவர்கிட்ட கேளுங்க" என்பேன்.

கேப்டன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதான். "ஏன் அழறான்?" என்றார் டிரைவர் அண்ணன். "அக்கா ஞாபகம் வந்துடுச்சாம்." அவள் இன்ஜினைத் தட்டி, பழைய நாளில் தான் போட்ட வெல்டிங்கைக் காட்டினாள். "அது அவளுக்கு எப்படித் தெரியும்?" "அக்கா லெட்டர்ல எழுதியிருந்தாளாம்." யாரை எல்லாம் இவர் இத்தனை வருஷம் திட்டினாரோ அவர்கள் செய்த அத்தனையையும் செய்தார். நான் அடுப்படியில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். சிரித்ததும் பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்போதே அவர் காதைத் திருகியிருக்க வேண்டும்.

ஏழாவது எபிசோடு முடிந்ததும் டிரைவர் அண்ணன் எழுந்து நின்றார்.

"மெக்கானிக்கு, யாருடா இதை எழுதுறது?"

"ஏண்ணே?"

"ரெண்டாம் சீசன்ல அவளே சொல்லியிருக்கா, நான் ஒத்தைப் பிள்ளை, எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லைன்னு. விண்கலத்துக்குள்ள கண்ணாடி போட்டு வெச்சிருக்கானே, அந்தக் குளிர்காலத் தோட்டத்துல உட்கார்ந்து சொன்னா. ரெட்டைத் தங்கச்சி எங்கேர்ந்து வந்தா? முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுப் பார்க்க மாட்டானுங்களா?"

என் வீட்டுக்காரர் அதை மறந்துபோய்விட்டார்! இத்தனை வருஷமாக அடுத்தவர் தப்பை எழுதி வைத்தவர், குளிர்காலத் தோட்டத்தைக் கோட்டைவிட்டுவிட்டார்.

"இவ்வளவு மட்டமா எழுதி நான் பார்த்ததே இல்லை" என்றார் டிரைவர் அண்ணன். "போதும்டா. அடுத்த வாரம் நான் வரலை." சுவரைத் தடவிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. லிஃப்ட் ஆறாம் மாடியில் நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர் நிமிர்வார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள். கீழே அவர் மருமகளைப் பார்த்தேன். "மாமா ரேடியோகூடப் போடறதில்லைம்மா. சும்மா உட்கார்ந்திருக்கார். ஷேவ் பண்ணி விடறேன்னு அவர் பையனே சொன்னாலும் வேண்டாங்கிறார்" என்றாள்.

மேலே வந்து சொன்னேன். "போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னா முடிஞ்சுது. என் மூஞ்சியில முழிக்க மாட்டார்."

"இப்ப மட்டும் முழிக்கிறாரா?"

"நான் என்ன கெட்டதா பண்ணேன்? மட்டமான கதையை நல்ல கதையாக் கொடுத்தேன்."

"அவர் உங்ககிட்ட கதையா கேட்டார்? திரையில என்ன இருக்குன்னுதானே கேட்டார். சட்டையில கறை இருக்குன்னு சொல்ற ஒரு ஆளைத்தானே கேட்டார்."

அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். நானும் கூடப் போனேன், வழியில் திரும்பிவிடக் கூடாதே என்று. லிஃப்ட் மெக்கானிக், நாலு மாடியையும் படியில் இறங்கினார். அவ்வளவு அவசரம் இல்லை போலிருக்கிறது.

டிரைவர் அண்ணன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத் தாடி. எங்கள் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "மெக்கானிக்கா? படியில வர்றே. அப்ப ஏதோ தப்பு பண்ணியிருக்கே. கூட நீயும் வந்திருக்கியாம்மா? அப்ப பெரிய தப்பு."

"அண்ணே, ஒரு பழுது" என்று ஆரம்பித்தார் இவர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். வசனத்தை மாற்றியது, ரெட்டைத் தங்கச்சி, லெட்டர், எல்லாம்.

டிரைவர் அண்ணன் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அப்ப அந்தக் குரல்?" என்றார்.

"அவளோடதுதான்."

"பேரைச் சொன்னான்னு நான் சொன்னேனே?"

"சொன்னான் அண்ணே. அவ பேரைத்தான் சொன்னான்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அடப் பாவி. அஞ்சு வாரமா நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கண்ணு போச்சு, இப்ப காதும் போகுதுன்னு நெனச்சேன்டா. அவ குரல் எனக்குத் தெரியாதா? அவதான்னு காது சொல்லுது, இல்லைன்னு நீ சொல்றே. நீ பொய் சொல்ல மாட்டே. அப்ப காதுதான் போயிடுச்சுன்னு வெச்சுக்கிட்டேன். பையன்கிட்டகூடச் சொல்லலை. கதை மட்டம்னு சொல்லிட்டு வந்தேனே தவிர, பயத்துலதான் வந்தேன்."

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு தூரம் போகும் என்று நானும் நினைக்கவில்லை. அவர் டிரைவர் அண்ணன் முழங்காலில் கையை வைத்தார். "காது ஒண்ணும் ஆகலை அண்ணே. என் வாய்தான்."

"உன் வாய் கெட்டதுன்னு லிஃப்ட்டுக்குள்ள மாட்டினப்பவே தெரியும்." மூக்கை உறிஞ்சினார். பிறகு வேறு குரலில் கேட்டார். "அப்ப அவ சாகலையா?"

"சாகலை."

"நிஜமா? உயிரோட வந்துட்டாளா?"

"வந்துட்டா. ஆனா அவங்க சொல்ற காரணம் இருக்கே அண்ணே, அதைக் கேட்டா..."

"டேய்." டிரைவர் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "பதினெட்டு வருஷமா அந்தக் கதவுக்குப் பின்னாடி அவளை விட்டுட்டு வந்தோமேன்னு இருக்கு எனக்கு. அவ வந்துட்டா. அஞ்சு வாரம் அவளை என்கிட்ட காட்டாம வெச்சிருக்கே நீ!"

"எழுத்து ரொம்ப மட்டம் அண்ணே."

"மட்டமாவே இருக்கட்டும். என் மட்டத்தை நான் பார்த்துக்கறேன். நீ கொடு."

அங்கேயே தண்டனையும் சொல்லிவிட்டார். நாலாவது எபிசோடிலிருந்து மறுபடி போட வேண்டும். எழுத்து எப்படி ஓடுகிறதோ அப்படியே படிக்க வேண்டும். நடுவில் பெருமூச்சு விடக் கூடாது. திட்டுவதெல்லாம் முடிந்த பிறகு, அப்போது தானும் கூடச் சேர்ந்து திட்டுவாராம். அடுத்த ஞாயிறு ஷேவ் செய்துகொண்டு, மூன்று மணி வரைகூடக் காத்திருக்காமல் இரண்டரைக்கே மேலே வந்துவிட்டார். "மெக்கானிக்கு, சட்டையில கறை இருக்கா?" என்று கேட்டார் வாசலிலேயே.

"இருக்கு. காலர்ல. சாம்பார்."

"நல்லது" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார்.

புகை வந்தது. கதவு திறந்தது. அவள் வந்து நின்றாள். "நான் சாகவில்லை" என்று படித்தார் என் வீட்டுக்காரர். டிரைவர் அண்ணன் டிவி பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு கையை நாற்காலியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் குரல் போகிற திசையிலெல்லாம் தலை திரும்பிற்று.

பிறகு அந்தக் காரணம் வந்தது. இவர் முகம் கஷாயம் குடிக்கிற பிள்ளை முகம் மாதிரி ஆயிற்று. ஆனாலும் படித்தார். "இன்ஜினுக்குப் பின்னால்... இன்னொரு கதவு இருந்தது."

"என்னது?"

"இன்னொரு கதவு இருந்தது." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எந்த வரைபடத்திலும் இல்லாத கதவு. மூன்று சீசனாக யார் கண்ணிலும் படாத கதவு. ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை அதைச் சொல்ல வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

டிரைவர் அண்ணன் கன்னத்தில் தண்ணீர் ஓடிற்று, வாய் சிரித்தது. "இன்னொரு தடவை படிடா."

இவர் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். புகை வந்தது. அவள் மறுபடி வந்து நின்றாள். என் வீட்டுக்காரர் ஒரு எழுத்துகூட மாற்றாமல், நிறுத்தி, நிதானமாகப் படித்தார்.